பொருநைக் கரையில் விலைச்சோறு

கார், பிசானம் என்று ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளையும் தாமிரபரணி ஆற்றுவெளியில் சோறு அரிதான பொருளாக இருந்ததில்லை. ஆயினும் அந்தச் சோற்றைச் சமைத்துக் காசுக்கு விற்கும் கடை மட்டும் அங்கே நெடுங்காலம் தோன்றவே இல்லை என்பது, இப்பகுதியின் உணவு வரலாற்றில் முதலில் விளக்கம் வேண்டி நிற்கும் செய்தி. நெல் விற்கப்பட்டது, அரிசி விற்கப்பட்டது, அவலும் பொரியும்கூட விற்கப்பட்டன; உலையில் வெந்த சோற்றுக்கு விலை சொல்வது மட்டும் தகாத செயலாகக் கருதப்பட்டது. ‘விலைச்சோறு’ என்ற சொல்லிலேயே ஓர் இழிவின் சாயல் ஒட்டியிருந்தது. அந்த இழிவு எப்போது, எந்த வழியாக நீங்கியது, நீங்கிய பின்னும் எங்கே தங்கியது என்பதைப் பார்த்தால், பழைய ஓட்டல்களைத் தேடித் திருநெல்வேலிக்கு வரும் பயணி அங்கே முதுமை கொண்ட கட்டடங்களை ஏன் குறைவாகக் காண்கிறார் என்பதும் விளங்கும்.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாபநாசம் நோக்கிச் செல்லும் சாலையில், கன்னடியன் கால்வாய் பாயும் வயல்களுக்கு நடுவே உள்ள பத்தமடை இந்த ஆய்வுக்குப் பொருத்தமான நிலைக்களம். ஆற்றோரக் கோரையைக் கீறி, ஊறவைத்து, பட்டுப்போல் மடியும் அளவுக்கு நெய்யும் லெப்பை முஸ்லிம் நெசவாளர்களால் உலகறிந்த இவ்வூரின் பாய், உறங்குவதற்கு மட்டும் உரியதன்று. விருந்துகளில் வரிசையாக அமர்ந்து உண்பதற்கு விரிக்கும் நீண்ட பாய்க்குத் தமிழில் ‘பந்திப்பாய்’ என்று பெயர் உண்டு. நாற்காலியும் மேசையும் வருவதற்கு முன்னர் சேர்ந்து உண்பதற்கான ஒரே இருக்கை அதுவே. அந்தப் பாயில் யார் யாருடன் அமரலாம் என்பது சொல்லப்படாத சட்டமாக இருந்தது; பாயை நெய்தவருக்கும் அதில் அமர்ந்தவருக்கும் இடையே கூடப் பல வேளைகளில் உணவுறவு இருந்ததில்லை. இதே ஆறு கடலில் சேரும் இடத்தை அடுத்த காயல்பட்டினத்தில், ‘சஹன்’ எனப்படும் அகன்ற ஒரே தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் முஸ்லிம் விருந்து முறை வழங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே நதிக்கரையில், ஒரு தட்டில் பலர் கைவைத்த வழக்கமும், ஒரு கூரைக்கடியில் இருவர் சேர்ந்து உண்ணாத வழக்கமும் அருகருகே வாழ்ந்தன.

வழிப்போக்கர்களுக்குச் சோறு கிடைத்த இடம் சத்திரம். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர் தென்பாண்டி நாட்டுச் சாலைகளோடும் சத்திரங்களோடும் இன்றும் இணைத்தே பேசப்படுகிறது. அரசர், ஜமீன்தார், வணிகர் ஆகியோர் நிலமானியமாகவும் ‘மகமை’யாகவும் (வணிகர்கள் தம் விற்பனையில் ஒரு சிறு பங்கை அறத்துக்கென ஒதுக்கும் வரி மகமை எனப்பட்டது) கொடுத்த வருவாயில் இவை நடந்தன, மேற்கே மலைக்கப்பால் திருவிதாங்கூரில் இதே பணியை ‘ஊட்டுப்புரை’கள் செய்தன. சத்திரத்தில் சோற்றுக்குக் காசு இல்லை என்பது அதன் பெருமை. ஆனால் அந்தப் பெருமைக்கு ஓர் அளவுண்டு: சமைத்த சோறு பல சத்திரங்களில் பிராமணருக்கு மட்டுமே இடப்பட்டது, மற்றவர்களில் சிலருக்கு அரிசியும் பருப்பும் படியாக அளக்கப்பட்டன, இன்னும் சிலருக்குத் திண்ணை நிழல்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே பெரும்பாலான பயணிகள் நம்பியது கட்டுச்சோற்றையே. புளி சேர்த்த சோறு இரண்டு நாள் தாங்கும். மாட்டுவண்டிப் பயணமும் ஏறக்குறைய அவ்வளவு நாளே நீண்டது. பத்தமடையில் 1887-இல் பிறந்த சுவாமி சிவானந்தர், பின்னாளில் ரிஷிகேசத்தில் அமைத்த ஆசிரமத்தில் இலவச உணவு வழங்கும் அன்னக்ஷேத்திரமும் இடம்பெற்றது என்பது, சோற்றை விற்பதை விட இடுவதை உயர்ந்ததாக எண்ணிய இந்த மண்ணின் பழக்கத்தை நினைவூட்டுகிறது.

விலைச்சோற்றைத் தவிர்க்க முடியாததாக்கியது புதிய வகைப் பயணம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே சுலோசன முதலியாரின் பொருளுதவியால் எழுந்த பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. மணியாச்சி வழியாகச் சென்னைப் பாதையோடு திருநெல்வேலியை இணைத்த இருப்புப்பாதை 1876-இல் வந்தது. அங்கிருந்து மேற்கே கல்லிடைக்குறிச்சி வரை 1902-லும், செங்கோட்டை வரை 1903-லும் பாதை நீண்டு, 1904-இல் மலையைக் குடைந்து கொல்லத்தைத் தொட்டது. நீதிமன்றத்துக்கு வழக்காட வந்தவர், பாளையங்கோட்டைப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்க வந்தவர், பாபநாசத்தில் ஹார்வி நிறுவனத்தார் 1880-களில் தொடங்கிய நூற்பாலைக்கு வேலை தேடிச் சென்றவர் என்று பலதிறத்தார் ஒரே நாளில் ஊர்விட்டு ஊர் போனார்கள். அவர்களுக்குச் சத்திரத்து மணியோசைக்குக் காத்திருக்க நேரம் இல்லை. கட்டுச்சோறு கட்டித்தர வீட்டில் ஆள் இருந்தாலும், திரும்பும் நாள் உறுதியில்லை.

இவ்வாறு எழுந்த கடைக்குத் தமிழ் இட்ட பெயர் விந்தையானது. ஆங்கிலேயர் தம்முள் மட்டும் கூடிக் குடிக்கவும் சீட்டாடவும் அமைத்த ‘கிளப்’ என்ற நிறுவனத்தின் பெயரை எடுத்து, யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து நுழையலாம் என்ற கடைக்குச் சூட்டி, ‘காபி கிளப்’ என்றும் ‘கிளப்புக்கடை’ என்றும் மக்கள் வழங்கினர். உறுப்பினரைத் தவிர மற்றவரை விலக்குவதே கிளப்பின் இயல்பு என்பதால் பெயர் பொருந்தவில்லை என்று தோன்றலாம். ஆனால் வாசலில் ‘பிராமணாள் காபி கிளப்’ என்ற பலகை தொங்கிய காலத்தில் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது உள்ளே போக முடியாதவர்களுக்குத் தெரிந்திருந்தது. காப்பி அப்போது புதிய பானம். பழையதும் நீராகாரமும் இருந்த காலை வேளையை அது பிடித்துக்கொண்டதைக் குறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகைகளில் புலம்பல்கள் நிறைய வந்தன. திருநெல்வேலியைப் பூர்விகமாகக் கொண்ட புதுமைப்பித்தன் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் பூமிக்கு இறங்கிய கடவுளுக்கு முதலில் வாங்கித் தரச்செய்தது ஓட்டல் காப்பிதான் என்பதை இங்கே நினைக்கலாம். 1940-களுக்குள் காப்பி ஓட்டல் நகரத்தின் முகமாகவே ஆகிவிட்டது.

கிளப்புக்கடைகளைப் பெரும்பாலும் பிராமணர்களே நடத்தியதற்குப் பொருளியல் காரணம் எளிது: அவர் சமைத்ததை எல்லாச் சாதியாரும் உண்ணத் தடையில்லை என்பதால் அவருக்கே வாடிக்கையாளர் வட்டம் பெரிது. திருவிதாங்கூர்க் கோயில்களில் பூசை செய்த துளு நாட்டுப் போத்திமார் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நடத்தியதால் ‘போத்தி ஓட்டல்’ என்ற வழக்கு குமரி, நெல்லைப் பகுதிகளில் நிலைத்தது. சென்னையில் உடுப்பி ஓட்டல்கள் பெற்ற இடத்தை இங்கே அவை பெற்றன என்று சொல்லலாம். சமைப்பவர் யாராகவும் இருக்கலாம் என்ற நிலை வந்த பிறகும் ஓட்டல் பலகைகளில் சாதிப்பெயரோ அதன் குறிப்போ நெடுநாள் நீடித்தது விளம்பர உத்தியால் அன்றி வேறொன்றாலும் அன்று.

உட்காரும் இடமே சிக்கல். கடைக்காரர் எல்லாரிடமும் காசு வாங்கினார், எல்லாரையும் ஓரிடத்தில் உட்காரவைக்கவில்லை. பிராமணருக்கு உள்ளறை, ஏனையோருக்கு வெளிக்கூடம், தாழ்த்தப்பட்டோருக்குக் கொல்லைப்புறம் அல்லது ஒன்றுமே இல்லை என்ற ஏற்பாடு, சத்திரத்திலிருந்து கிளப்புக்கடைக்கு அப்படியே குடிபெயர்ந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலும் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் தனித்தனி இடம் இருந்ததோடு, இந்தியருக்குள்ளும் பிராமணர், பிராமணரல்லாதார் என்று பிரிவு காட்டும் பலகைகள் இருந்தன. ஒரே பெட்டியில் இடித்துக்கொண்டு வந்தவர்கள் இறங்கியதும் இரு வாசல்களில் பிரிந்து நுழைந்தார்கள்.

இந்தச் சிக்கல் வெடித்த இடம் பத்தமடைக்கு அடுத்த ஊரே என்பது தற்செயலாயினும் கருதத்தக்கது. வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம், சேரன்மகாதேவியில் பரத்வாஜ ஆசிரமத்தின் பகுதியாக நடந்தது. தேசியக் கல்வியும் உடலுழைப்பும் கற்பிக்க எழுந்த அந்நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு அதில் ஐயாயிரத்தைக் கொடுத்தும்விட்டது. வெளிநாட்டுத் தமிழரும் நன்கொடை அனுப்பினர். அங்கே இரண்டு பிராமண மாணவர்கள் மட்டும் தனியே அமர்த்தப்பட்டு உணவு பரிமாறப்பட்ட செய்தி வெளியே தெரிந்தபோது எழுந்த கிளர்ச்சியை டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு பத்திரிகை வழியாகவும் மேடை வழியாகவும் நடத்தினார். காங்கிரஸில் அப்போது முதன்மையான பொறுப்பில் இருந்த ஈ.வெ. ராமசாமி மீதித் தொகையைத் தர மறுத்தார். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீறலாகாது என்பது ஐயரின் நிலை; பொதுப்பணத்தில் நடக்கும் பந்தியில் பிறப்பால் உயர்வு தாழ்வு ஆகாது என்பது எதிர்த்தவர்களின் நிலை. 1925 மார்ச்சில் தமிழகம் வந்த காந்தியிடம் இருதரப்பாரும் முறையிட்டனர். ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்ற இறங்கி அவரும் உயிரிழந்தார். அதே ஆண்டு இறுதியில் ராமசாமி காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் போக்கை மாற்றிய ஒரு பிளவுக்கு இரண்டு இலைகள் போடப்பட்ட இடம் காரணமாயிற்று என்றால், அக்காலத்தில் பந்தி எவ்வளவு கனமான விஷயம் என்பது புரியும். ஐயரைச் சாதிவெறியர் என்று எளிதாக முத்திரை குத்திவிட்டுப் போவது வரலாற்றுக்கு உதவாது. லண்டனில் புரட்சியாளராக வாழ்ந்து, புதுச்சேரியில் தலைமறைவாக இருந்து, கம்பனை ஆராய்ந்த ஒருவராலும் அந்த இரண்டு இலைகளை எடுக்க முடியவில்லை என்பதே கவனிக்க வேண்டியது.

மாற்றம் சட்டத்தின் வழியாகவும் கிளர்ச்சியின் வழியாகவும் துண்டு துண்டாக வந்தது. எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938-இல் சென்னை மாகாணத்தில் குடிமைத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. ரயில் நிலைய உணவகங்களின் தனித்தனிப் பிரிவு 1941-இல் நீங்கியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் பதினைந்தாம் உறுப்பு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் ஓட்டல்களிலும் நுழையச் சாதி தடையாகாது என்று பெயர் சொல்லியே அறிவித்தது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இல் வந்தது. சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரித் திராவிடர் கழகத்தார் 1957-இல் நடத்திய மறியல், இந்தப் போராட்டத்தின் பெயர்ப்பலகைப் படலம். நகரத்து ஓட்டல்களில் இது ஏறக்குறைய முடிந்தது. சாலையோரத் தேநீர்க்கடைகளில் ‘இரட்டைக் குவளை’ முறை, அதாவது தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் வழக்கம், பின்னும் பல பத்தாண்டுகள் உயிரோடிருந்தது.

உட்காரும் சிக்கலிலிருந்து தப்பித்த கடைகளே இந்த ஆற்றுவெளியில் நெடுநாள் நிலைத்தன என்று கொள்ள இடமுண்டு. சோற்றுக்கு இருந்த தீட்டுக் கணக்கு நெய்யில் வெந்த பலகாரத்துக்கு அவ்வளவாக இல்லை. பலகாரத்தைப் பொட்டலமாக வாங்கி நின்றபடியோ நடந்தபடியோ வீட்டுக்குக் கொண்டுபோயோ தின்னலாம். திருநெல்வேலியின் லாலாக் கடைகள் அப்படிப்பட்டவை. ‘லாலா’ என்பது வடநாட்டு வணிகரைக் குறிக்கும் மரியாதைச் சொல். வடமேற்கு இந்தியாவிலிருந்து ஜமீன்தார்கள் அழைத்துவந்த சமையற்காரர்களின் வழியினர் அல்வாவை இங்கே அறிமுகப்படுத்தினர் என்று வாய்மொழி மரபு கூறுகிறது, சொக்கம்பட்டி ஜமீனின் பெயரும் அந்தக் கதையில் அடிபடுகிறது. கதை எதுவாயினும் செய்முறை தெளிவானது: கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, தெளியவைத்து, சர்க்கரைப் பாகில் விட்டு, நெய் வார்த்துக்கொண்டே கைவிடாமல் கிண்ட வேண்டும், பதம் வந்ததும் உண்ட நெய்யை அல்வாவே கக்கத் தொடங்கும். தாமிரபரணித் தண்ணீரால்தான் இந்தச் சுவை என்று உள்ளூரார் அடித்துச் சொல்வார்கள். கோதுமையும் நெய்யும் சர்க்கரையும் வெளியூர்ச் சரக்காக இருக்கையில் தண்ணீர் ஒன்றே சொந்தம் என்பதால் அந்தப் பெருமையை அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் உள்ள இருட்டுக்கடை இவற்றுள் பெரும்பெயர் பெற்றது. மங்கலான ஒற்றை விளக்கில் மாலையில் மட்டும் வியாபாரம் நடந்ததால் வாடிக்கையாளர்கள் இட்ட பெயரே அது. உட்கார இடம் கிடையாது. வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கி நின்றபடி விழுங்கிவிட்டு, திகட்டலுக்கு மிக்சரோ காராச்சேவோ ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வது ஊர்வழக்கம். உலகின் பழைய உணவகங்களை நாடிச் செல்லும் பயணிகள் எதிர்பார்க்கும் வேலைப்பாட்டு மேசையோ சுவர்ப்படமோ இங்கே இல்லை. ஓர் இருட்டும் ஒரு வரிசையும் ஒரு நேரமுமே இந்தக் கடையின் தொன்மை.

குடிக்கும் இடங்களின் வரலாறு இதைவிடக் கட்டடமற்றது. வேறிடங்களில் அப்படியன்று: சிங்கப்பூரில் 1887-இல் திறந்த ராஃபிள்ஸ் ஓட்டலின் மதுக்கூடத்தில் 1915-ஐ ஒட்டி உருவான கலவை மதுவை, அதே மதுக்கூடத்தின் பெயரைச் சொல்லி இன்றும் உலகம் குடிக்கிறது. பலவகை மதுவையும் பழச்சாற்றையும் கலந்து தரும் இத்தகைய பானத்துக்குக் காக்டெயில் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்த மேலைநாட்டுக் கோப்பைகளின் சொற்களஞ்சியத்தில் பனைமரம் நிற்கிறது: வெந்நீரும் மதுவும் கலந்த ‘டாடி’ என்ற பானத்தின் பெயர், பனங்கள்ளைக் குறிக்கும் ‘தாடி’ என்ற இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது, சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, நீர், வாசனைப்பொருள் என ஐந்து சேர்ந்ததால் ‘பஞ்ச்’ என்ற பெயர் இந்தியாவில் பிறந்தது என்பதும் பரவலான கருத்து. அந்தப் பனை நெல்லைச் சீமையின் தேரி மணலில் காடாக நின்றது. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடிவது புளிக்காத பதனீர், உள்ளூர் வாயில் ‘பதனி’. தடவாவிட்டால் அதுவே பொழுது ஏற ஏறக் கள். பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் பதனியை ஊற்றி நுங்கு போட்டுக் குடிப்பது கோடைக்காலக் காட்சி. கள்ளுக்கடையோ ஊருக்கு வெளியே, ஓலைக் கொட்டகையில் இருந்தது.

அந்தக் கொட்டகை ஒருபோதும் கல்லாக மாறாததற்குக் காரணம் வரியும் சட்டமும். 1886-ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ் (‘ஆப்காரி’ என்பது மதுவின் மீதான அரசுத் தீர்வை) மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்ற முறை இருந்ததால், அடுத்த ஏலத்தில் கடை தனக்கு இருக்குமா என்று தெரியாத குத்தகைக்காரர் அதில் ஒரு செங்கல்லும் வைக்க மாட்டார். 1937-இல் சேலத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971-இல் விலக்கு நீக்கப்பட்டது, 1973-இல் கள்ளுக்கடைகளும் 1974-இல் சாராயக்கடைகளும் மீண்டும் மூடப்பட்டன, 1981-இல் திறந்தன, 1987-இன் முதல் நாளிலிருந்து கள் மறுபடி தடைசெய்யப்பட்டது. மொத்த விற்பனைக்கென 1983-இல் அரசு அமைத்த டாஸ்மாக் நிறுவனம் 2003-இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. திறப்பும் அடைப்புமாக இப்படி அரை நூற்றாண்டு கழிந்த நிலத்தில் ஒரு மதுக்கடைக்கு முதுமை வாய்ப்பதில்லை. ஆலையில் வடித்த மதுவுக்கு உரிமமும், மரத்தில் வடிந்த கள்ளுக்குத் தடையும் என்ற முரண் பனையேறிகளின் நீண்டகால மனக்குறை. அதில் நியாயம் இருக்கிறது.

தேநீர் இவற்றுக்கிடையே ஓசையின்றி நுழைந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா வணிக நிறுவனம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மாஞ்சோலை மலையில் தேயிலை வளர்ந்தது. காப்பிக்கு மேசையும் டவராவும் வேண்டியிருந்தன. தேநீருக்கு ஒரு கண்ணாடிக் குவளையும் சாலையோரத்து மரப்பெஞ்சும் போதும்.

பள்ளத்தாக்கின் மேற்கு முனையில் செங்கோட்டைக்கு முன்னால் பிரானூர் உள்ளது. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்படும் வரை செங்கோட்டை திருவிதாங்கூரையும், அது கொச்சியோடு இணைந்த பின் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது; ஆகவே அரசியல் எல்லை அந்த இடத்தில் ஓடியது. எல்லையில் வண்டிகள் நிற்கும். வண்டி நிற்கும் இடத்தில் வண்டிக்காரர் பசித்திருப்பார். புரோட்டாவும் கோழியும் விற்கும் கடைகள் அங்கே பெயர்பெற்றன, ‘பார்டர் ரஹ்மத்’ என்ற பெயர் குற்றால அருவிக்குக் குளிக்கப்போகும் தமிழர்களிடையே அருவிக்கு நிகராகப் பேசப்படுகிறது. புரோட்டா மாவில் சாதிக்கணக்குக்கு இடமில்லை. முஸ்லிம் கடையில் கொத்திய புரோட்டாவை அக்கிரகாரத்துப் பேரனும் அவன் தாத்தாவுக்குப் பாய் நெய்து தந்தவரின் பேரனும் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து சால்னா ஊற்றித் தின்கிறார்கள். எல்லை மேற்கே கேரளம் நோக்கி நகர்ந்து எழுபது ஆண்டுகளை நெருங்கியும், பேருந்து நடத்துநர் அந்த நிறுத்தத்தை இன்றும் ‘பார்டர்’ என்றே கூவுகிறார். பத்தமடைப் பாய் இப்போது திருமணச் சீராகவும் சுவரில் மாட்டும் அழகுப்பொருளாகவும் விலைபோகிறது. கல்யாண மண்டபங்களின் நீள மேசைகளில் பந்திப்பாயின் இடத்தைத் தாள்சுருள் பிடித்துக்கொண்டது, ஒவ்வொரு பந்தி முடிந்ததும் பரிமாறுபவர் அதை எச்சில் இலையோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துப்போகிறார்.